அப்ரூவல் உங்கள் கையில், அக்கா!

மதுரையை ஆண்டவளுக்கு மார்பு மூன்று. மதுரையை எரித்தவளுக்கு ஒன்று.

தடாதகைப் பிராட்டி மூன்று தனங்களோடு பிறந்தாள் என்கிறது திருவிளையாடல். அதற்காக அவளை யாரும் மூலையில் உட்கார வைக்கவில்லை. வாளைக் கையில் கொடுத்து, முடியைத் தலையில் சூட்டினார் தகப்பனார். கண்ணகி தன் இடது மார்பைத் தன் கையாலேயே திருகி எறிந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். மலை ஏறி வேங்கை மரத்து நிழலில் வந்து நின்றவளைக் குன்றக் குறவர்கள் தெய்வமென்று கும்பிட்டார்கள். சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லில் அவளுக்குச் சிலை வடித்தான். ஒற்றை மார்போடு நின்றவளைக் குறை உள்ளவள் என்று சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதே தமிழ் மண்ணில்தான் இன்று, மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வந்த பெண், துப்பட்டாவை இடப்பக்கம் இழுத்து இழுத்துப் பின் குத்திக்கொண்டு, திருப்பூர் வீரபாண்டி பிரிவில் யார் கண்ணிலும் படாமல் பஸ் ஏறுகிறாள். கல்யாண வீட்டுக்கு வருவதில்லை. போட்டோவில் ஓரமாக நிற்கிறாள். அவள் செய்த குற்றம் என்ன? நோயோடு மல்லுக்கட்டி ஜெயித்தது குற்றமா?

போதும் அக்கா. தலையை நிமிர்த்துங்கள். உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில் ஒன்று: நீங்கள் தனி ஆள் இல்லை. 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இந்நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம். உங்கள் பனியன் கம்பெனி லைனில் ஓவர்லாக் ஓட்டுகிறவருக்கும் வரலாம், ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருக்கும் முதலாளி வீட்டு அம்மாவுக்கும் வரலாம். இது பாவத்தின் சம்பளமும் இல்லை, தொட்டால் ஒட்டுகிற நோயும் இல்லை.

யார் கையெழுத்து?

ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "உசுரு பொழச்சதே பெருசுங்க, இனி அதெல்லாம் எதுக்கு?" என்பார் மாமியார். "வயசு அம்பதாச்சு, பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனி யாருக்கு அம்மிணி காட்டப்போற?" என்பார் சித்தி. இன்னொரு பக்கம், "எப்படியாச்சும் பழையபடி வெச்சுக்கோ, இல்லாட்டி வீட்டுக்காரர் மனசு மாறிடும்" என்று காதில் ஓதுவாள் பக்கத்து வீட்டுக்காரி. ஒருவர் வேண்டாம் என்கிறார், ஒருவர் வேண்டும் என்கிறார். அத்தனை பேரும் பேசிவிட்டார்கள். மார்பு யாருடையதோ அவரை மட்டும் யாரும் கேட்கவில்லை!

நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இந்த ஊரில் ஒரு பனியன்கூடப் பையர் அப்ரூவல் இல்லாமல் கட்டிங் டேபிள் ஏறாது. துணியின் ஜிஎஸ்எம், கலர் ஷேடு, கழுத்துப் பட்டியின் அகலம், தையலின் நெருக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் சாம்பிள் போய், கையெழுத்து வந்த பிறகுதான் கத்தி துணியில் இறங்கும். அளவு தப்பினால் லாட்டே திரும்பி வரும். யாரோ எங்கேயோ போடப்போகிற சட்டைக்கு இத்தனை கறார் காட்டுகிற ஊரில் பிறந்துவிட்டு, சொந்த உடம்பில் கத்தி வைக்கும்போது மட்டும் "டாக்டர் பாத்துச் செய்யட்டும்", "அவரு என்ன சொல்றாரோ அதுதானுங்க" என்று ஒதுங்கி நிற்பது என்ன நியாயம்?

உங்கள் உடம்புக்கு அப்ரூவல் போட வேண்டியவர் நீங்கள். கையெழுத்து போடுமுன் சாம்பிளைப் புரட்டிப் பார்ப்பது உங்கள் உரிமை. வாருங்கள், பார்த்துவிடுவோம்.

எடுத்தே ஆக வேண்டுமா?

இதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1880-களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். மார்பு, அதன் அடியில் இருக்கும் நெஞ்சுத் தசை, அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒட்ட வழித்தெடுப்பது. அதுவே வேதவாக்காகப் பல பத்தாண்டுகள் நின்றது. 1970-களில் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் அந்த வேதவாக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்பக் கட்டத்தில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும், மார்பு முழுவதையும் எடுத்தவர்களும் ஒரே அளவுக்கு உயிர் வாழ்ந்தார்கள்!

ஆகவே கேளுங்கள்: "எனக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? போதாதென்றால் ஏன்?" கட்டி பெரிதாக இருக்கலாம், பல இடங்களில் இருக்கலாம், மரபணுக் காரணம் இருக்கலாம். காரணம் சரியாக இருந்தால் மார்பை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இழப்பது வேறு, ஏனென்றே தெரியாமல் இழப்பது வேறு.

நான்கு வழிகள்

மார்பை எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதற்குப் பிறகு உங்கள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் கௌரவமான வழிகள். இதில் முதல் தரம், மூன்றாம் தரம் என்று எதுவும் இல்லை.

ஒன்று, சிலிகான் இம்பிளான்ட். 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில்தான் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குச் சிலிகான் மார்பு வைக்கப்பட்டது. சிலருக்கு ஆபரேஷன் அன்றே நேராக வைத்துவிடுவார்கள். சிலருக்கு முதலில் ஒரு பை வைத்து, சில வாரங்களுக்கு உப்புநீர் ஏற்றித் தோலை மெல்ல விரித்து, பிறகு சிலிகானுக்கு மாற்றுவார்கள். உடம்பின் வேறு இடத்தில் வெட்டு இல்லை, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். ஆனால் இது ஆயுளுக்கும் வரும் என்று யாரும் கேரண்டி தர முடியாது. சுற்றிலும் தழும்புத் தசை இறுகி வலிக்கலாம், பின்னாளில் மாற்ற வேண்டி வரலாம். ரேடியேஷன் கொடுத்த நெஞ்சில் இந்தத் தொல்லை கூடுதல். ஒரு வகைச் சொரசொரப்பான இம்பிளான்ட், அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புள்ளது என்று தெரிந்ததும், 2019-இல் அலெர்கன் கம்பெனி அதை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. எந்தக் கம்பெனி, எந்த வகை என்று கேளுங்கள். அதற்கு ஒரு கார்டு தருவார்கள், வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு, உங்கள் தசையிலேயே உங்கள் மார்பு. முதுகுப் பக்கத்துத் தசையையும் தோலையும் அக்குள் வழியாக முன்னே கொண்டுவந்து மார்பாக்குவது ஒரு முறை. இத்தாலிக்காரர் இஜினியோ தன்சினி 1906-லேயே இதை எழுதி வைத்தார். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தசையோடு மேலே ஏற்றுவது இன்னொரு முறை. 1982-இல் கார்ல் ஹார்ட்ராம்ப் பரப்பியது. மூன்றாவது முறையில் அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்து, தசையை அப்படியே விட்டுவிட்டு, நூலிழை போன்ற ரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப் வைத்து நெஞ்சில் தைப்பார்கள். டிஐஇபி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பல மணி நேர ஆபரேஷன். முதல் சில நாட்கள் ரத்த ஓட்டம் நிற்காமல் இருக்கிறதா என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலருக்குத் தோற்றும் போகலாம். பிடித்துவிட்டால் உங்கள் உடம்போடு சேர்ந்து ஏறும், இறங்கும், வயதாகும்.

மூன்று, வெளியே வைக்கிற பேட். பிராவுக்குள் பை தைத்து அதில் வைத்துக்கொள்ளலாம். புண் ஆறும்வரை இலேசான பஞ்சு பேட், ஆறிய பிறகு எடையுள்ள சிலிகான் பேட். எடை எதற்கு? ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் தோள் சாயும், கழுத்து வலிக்கும், பிரா ஏறிக்கொள்ளும். பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லருக்கு 1970-இல் ஒரு மார்பை எடுத்தார்கள். கடையில் கிடைத்த பேட் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டாரா? இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு என்று தானே வடிவமைத்து, 1970-களின் நடுவில் கம்பெனியே தொடங்கிவிட்டார்!

நான்கு, எதுவும் வேண்டாம் என்று தட்டையாகவே இருப்பது. இதுவும் முழுமையான முடிவுதான். இதை முன்கூட்டியே சொன்னால், அக்குள் ஓரத்தில் தோல் மடிந்து தொங்காமல், நெஞ்சோடு படிய அழகாக மூடித் தைக்க முடியும். சொல்லாவிட்டால், பின்னால் மனசு மாறினால் உதவட்டும் என்று தோலை மிச்சம் விட்டு வைப்பதும் உண்டு.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இம்பிளான்டோ சொந்தத் தசையோ, புதிய மார்பில் பழைய தொடு உணர்வு பெரும்பாலும் வராது. காம்பையும் எடுத்திருந்தால் அதைத் தனியாக உருவாக்க வேண்டும், கருவட்டத்தைப் பச்சை குத்துவதும் உண்டு. சேலைக்குள், சுடிதாருக்குள், கண்ணாடி முன்னால் அது உங்களுக்கு நிறைவு தரும். இழந்த மார்பே அச்சு அசலாகத் திரும்பி வரும் என்று ஆசை காட்டுகிறவரை நம்பாதீர்கள். சீரமைப்பு செய்தால் புற்றுநோய் மறுபடி வரும் என்று பயமுறுத்துகிறவரையும் நம்பாதீர்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

இன்னொன்று: சீரமைப்பு காத்திருக்கும், புற்றுநோய் காத்திருக்காது. முடிவெடுக்கத் திணறினால் நோய்க்கான ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், கீமோவை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் கழித்தோ ஐந்து வருடம் கழித்தோகூட மார்பைச் சீரமைக்கலாம். ரேடியேஷன் இருந்தால் பல டாக்டர்களே அது முடியட்டும் என்பார்கள்.

உங்கள் வேலைக்கு எது ஒத்துவரும்?

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்குச் சரியானது, பிளாட்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட் உட்காருகிறவருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று சட்டமா? டாக்டருக்கு நோய் தெரியும். உங்கள் வேலை தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டெய்லரா? இரண்டு கையும் முன்னால் நீட்டித் துணியைத் தள்ளியபடி நாள் முழுக்கக் குனிந்திருப்பவர் நீங்கள். முதுகுத் தசையை எடுத்தால் தோளின் தெம்பில் எவ்வளவு குறையும், எத்தனை மாதத்தில் தேறும் என்று கேளுங்கள். பண்டல் தூக்குகிறவரா, அயர்ன் டேபிளில் நிற்கிறவரா? வயிற்றுத் தசையை எடுக்கிற முறையில் வயிறு பலவீனமாகும், குடலிறக்கம் வர வாய்ப்புண்டு. தசையை விட்டுவிடுகிற முறை எனக்கு ஆகுமா என்று கேளுங்கள். செக்கிங்கில் நிற்கிறவரா? சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே சிலிகான் பேட் வியர்த்து ஊறும். கம்பெனிக்குக் காட்டன் பேட், கல்யாணத்துக்குச் சிலிகான் பேட் என்று இரண்டு வைத்துக்கொள்வதை யார் தடுத்தார்கள்?

எந்த வழியில் போனாலும் கையைக் கவனியுங்கள். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கம் கை வீங்கலாம், தோள் இறுகலாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள். அந்தக் கையில் ஊசி, கத்தரி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழைப்பு அந்தக் கையில் இருக்கிறது!

ஏழைக்கு எதற்கு என்கிறவர்களுக்கு

"இதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று உங்களை மடக்கப் பார்ப்பார்கள். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறை, மார்புக்கான இலவச அறுவை சிகிச்சைக்குத் தனி கிளினிக் தொடங்கியது. உடனே கூச்சல். அழகுக்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்டார்கள். ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் திருப்பிக் கேட்டார். அந்த விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள். ஆனால் புற்றுநோய்க்கு மார்பைக் கொடுத்துவிட்டு வந்தவள் அதைச் சீர்செய்யக் கேட்பது ஆடம்பரம் இல்லை, சிகிச்சையின் மிச்சம். அமெரிக்கா இதற்கு 1998-லேயே சட்டம் போட்டது: மார்பு நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு, சீரமைப்புக்கும் தர வேண்டும், பேடுக்கும் தர வேண்டும்.

நமக்கு என்ன இருக்கிறது? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சீரமைப்பும் அதில் அடங்குமா என்று ஆபரேஷனுக்கு முன்பே, மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் கேட்டு எழுதி வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் பலம் பெரிது. சிகிச்சையோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளம், வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. புற்றுநோய் நீடித்த நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருடம் இன்சூரன்ஸில் இருந்து, அதில் 156 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதச் சம்பளம் இரண்டு வருடம் வரை நீளும். இது யாரும் போடுகிற பிச்சை இல்லை. வாராவாரம் உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம்! பிடித்தம் இல்லாமல் கையில் காசு கொடுக்கிற கம்பெனியில் இருக்கிறீர்களா? நோய் வருமுன்பே இன்றைக்கே கேளுங்கள்: "எனக்கு ஏனுங்க இ.எஸ்.ஐ. இல்லை?"

டாக்டர்களைத் தேடித் தூர தேசம் போக வேண்டியதில்லை. கைத் தசையையும் நரம்பையும் மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பதில் உலகமே திரும்பிப் பார்க்கிற கங்கா மருத்துவமனை பக்கத்துக் கோயம்புத்தூரில் இருக்கிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திருப்பூருக்கே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஒருவர் சொன்னது மனசுக்கு ஒப்பவில்லையா, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு பெண்கள், இரண்டு முடிவுகள்

இந்தி சினிமா எழுத்தாளர் தாஹிரா காஷ்யப்புக்கு 2018-இல் மார்பை எடுத்து, முதுகுத் தசையைக் கொண்டு சீரமைத்தார்கள். 2019 பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாள். மொட்டைத் தலையோடு, முதுகுத் தழும்பு தெரியும் படத்தை உலகத்துக்குக் காட்டினார்.

அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978-இல் ஒரு மார்பை இழந்தார். பேட் வைக்கவில்லை, சீரமைக்கவும் இல்லை. டாக்டரின் கிளினிக்குக்குப் பேட் இல்லாமல் போனபோது, இங்கே இருக்கிறவர்களின் மனசு தளர்ந்துவிடும் என்று நர்ஸ் ஒருவர் கடிந்துகொண்டார். அவர் அடங்கிப் போகவில்லை. புற்றுநோய் நாட்களைப் பற்றி 1980-இல் புத்தகமே எழுதி, பெண்ணை மறைக்கச் சொல்கிற உலகத்தைக் கூண்டில் ஏற்றினார்.

ஒருவர் புதிய மார்பு வேண்டும் என்றார், ஒருவர் வேண்டாம் என்றார். யார் தைரியசாலி? இரண்டு பேரும்தான்! தாங்களே யோசித்தார்கள், தாங்களே முடிவெடுத்தார்கள், எடுத்த முடிவுக்கு வெட்கப்படவில்லை. தன்னம்பிக்கை சிலிகானில் இல்லை, தட்டையான நெஞ்சிலும் இல்லை. "நான் முடிவெடுத்தேன்" என்று சொல்கிற நாக்கில் இருக்கிறது.

வீட்டுக்காரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் ரூமில் உங்கள் மனைவிக்குப் பதிலாகப் பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள். "உனக்கு எது தோணுதோ, நான் கூட இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆம்பிளைத்தனம் என்பது அதுதான்.

பனியன் கம்பெனி முதலாளிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பார்பரா டெமரஸ்ட் என்ற பெண் தன் மார்பை இழந்த பிறகு, 2011-இல் பருத்தி நூலில் பின்னிய இலேசான மார்பு பேடுகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார். மும்பையில் சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷன் பெண்களும் பின்னிக் கொடுக்கிறார்கள். நூலும் பின்னலுமே பிழைப்பாகக் கொண்ட ஊர் நம் ஊர். கட்டிங்கில் மிஞ்சுகிற நல்ல காட்டன் துணியில், உள்பக்கம் பை வைத்த பிராவும் பேடும் தைத்து, நம் ஊர் மருத்துவமனைகளில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வாங்கிப் போட்டுக்கொள்ளப் போகிறவர் உங்கள் லைனில் பத்து வருடம் உழைத்தவராகவே இருக்கலாம்!

நாளைக்கே செய்யுங்கள்

எழுத ஒரு நோட்டு வாங்குங்கள், விலை குறைந்தது போதும். இந்தக் கேள்விகளை எழுதுங்கள்:

1. என் நோய் எந்தக் கட்டம்? மார்பை முழுசாக எடுத்தே ஆக வேண்டுமா?
2. ரேடியேஷன் உண்டா? சீரமைப்பு இப்போதா, பிறகா?
3. நான்கு வழிகளில் என் உடம்புக்கு எவை ஆகும், எது ஆகாது, ஏன்?
4. சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை இவற்றால் புண் ஆறுவதில் சிக்கல் வருமா?
5. எத்தனை ஆபரேஷன்? எத்தனை நாளில் மெஷினில் உட்காரலாம்?
6. இதே முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? படம் காட்ட முடியுமா?
7. தோற்றால் அடுத்து என்ன? மொத்தம் எவ்வளவு, காப்பீடு எவ்வளவு?

கேள்வி கேட்டால் டாக்டர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். ஒரு ஓட்டைத் தையலுக்காக லைனையே நிறுத்துகிற கண் உங்களுடையது. அந்தக் கண்ணை இப்போது உங்களுக்காகத் திறங்கள். பதில் புரியவில்லையா? "தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்று மறுபடி கேளுங்கள். புரிகிற வரைக்கும் பேனாவைத் தொடாதீர்கள். புரிந்த பிறகு, கை நடுங்காமல் போடுங்கள் கையெழுத்தை. இம்பிளான்டுக்குப் போடுங்கள், சொந்தத் தசைக்குப் போடுங்கள், பேடுக்குப் போடுங்கள், எதுவும் வேண்டாம் என்றும் போடுங்கள்.

மாமியாரின் கையெழுத்தாக அது இருக்கக் கூடாது. வீட்டுக்காரரின் கையெழுத்தாக இருக்கக் கூடாது. பயத்தின் கையெழுத்தாக ஒருநாளும் இருக்கக் கூடாது. உங்கள் கையெழுத்தாக இருக்கட்டும், அக்கா. போடுங்கள்!